பச்சைக்குள் மறைந்திருக்கும் நீலம்

நம் ஊர்ச் சந்தைகளிலே ‘லவ் பேர்ட்ஸ்’ என்னும் பெயரால் விற்கப்படுகின்ற சிறு கிளிகளுக்கு அப்பெயர் உரியதன்று. அப்பெயருக்கு உரிய பறவைகள் ஆபிரிக்காக் கண்டத்தைச் சேர்ந்தவை. உடல் தடித்து வால் குறுகியவை. நாம் கூண்டில் வளர்ப்பதோ அவுஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டில் பெருங்கூட்டமாய்த் திரியும் இனம். மழை எங்கே பெய்ததோ, புல்விதை எங்கே முற்றியதோ அங்கே செல்வது அதன் இயல்பு. ஆங்கிலர் அதனைப் பட்ஜெரிகார் என்பர். அச்சொல் அந்நாட்டு ஆதிக்குடிகளின் மொழியிலிருந்து பெறப்பட்டது. விஞ்ஞானிகள் இட்ட பெயருக்கு ‘அலைவரி பொருந்திய இசைக்கிளி’ என்பது பொருள். ஜேர்மானியரும் தம் மொழியில் ‘அலைக்கிளி’ என்றே வழங்குவர். முதுகிலும் பிடரியிலும் நீரலை போலக் கருவரிகள் படிந்திருத்தலே இப்பெயர்களுக்குக் காரணம். ஆகலின் இக்கட்டுரையில் இதனை வரிக்கிளி என்று குறிப்பேன். தமிழாசிரியர் ஒருவர் புதுப்பெயர் படைக்கப் புறப்பட்டுவிட்டாரே என்று எவரும் முகஞ்சுளிக்க வேண்டா; பிழையான பெயரை வழங்குவதினும் புதிய பெயரை வழங்குதல் நன்று.

1805ஆம் ஆண்டில் ஜோர்ஜ் ஷோ என்னும் ஆங்கில அறிஞர் இக்கிளியை முதன்முதல் நூலில் விவரித்தார். பறவை நூல்களால் பெரும்புகழ் பெற்ற ஜோன் கூல்ட் 1840ஆம் ஆண்டில் உயிருள்ள கிளிகளை இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். பின்னர் அது ஐரோப்பிய வீடுகள்தோறும் புகுந்து, காலப்போக்கில் நம் வீட்டு விறாந்தைக்கும் வந்து சேர்ந்தது. என் வீட்டுப் பின்விறாந்தையிலும் சில கூண்டுகள் உள. அதனை அறிந்த மாணவரும் அயலவரும் என்னிடம் கேட்கும் வினாக்கள் பெரும்பாலும் இரண்டே. ஒன்று, இக்கிளிக்கு அகவை எத்தனை என்பது. மற்றொன்று, இவ்விரண்டையும் சோடி சேர்த்தால் எந்நிறக் குஞ்சு பிறக்கும் என்பது. விளையாட்டாகத் தோன்றும் இவ்வினாக்களிலே ஒருவருடைய நாணயமும் பிழைப்பும் தங்கிவிடுதல் கூடும். அத்தகைய வழக்கொன்றைப் பின்னர்ச் சொல்வேன். முதலில் அகவையை நோக்குவோம்.

பறவைகளின் இளமைக்குப் பார்ப்பு, பிள்ளை என்னும் பெயர்களைத் தொல்காப்பிய மரபியல் வகுத்துரைக்கின்றது. கிளிப்பிள்ளை என்று நாம் இன்றும் வழங்குகின்றோம். ஆயின் வரிக்கிளியிற் பிள்ளை எது, முதிர்ந்தது எது என்று காண்பதற்கு இலக்கணம் உதவாது, கண்தான் உதவும். அக்கண்ணும் ஓர் எல்லை வரைதான் உதவும்.

முட்டை அடைகாக்கத் தொடங்கிய பதினெட்டாம் நாளளவில் குஞ்சு வெளிவரும். பேடு ஒருநாள் விட்டு ஒருநாள் முட்டையிட்டு, தொடக்கத்திலேயே அவயத்துக்கு அமர்ந்துவிடுவதால் ஒரே ஈட்டுக் குஞ்சுகளும் ஒன்றுக்கொன்று இளையனவாகவே இருக்கும். ஐந்து குஞ்சுள்ள முட்டியொன்றை எட்டிப் பார்த்தால், இறகு முளைத்த அண்ணனும் கண் திறவாத தம்பியும் ஒருங்கே கிடப்பதைக் காணலாம். பத்தாம் நாளளவிற் கண் திறக்கும். ஏறக்குறைய ஐந்தாம் கிழமையிற் குஞ்சு கூட்டை விட்டு வெளியேறும்.

அவ்வாறு வெளிவந்த குஞ்சின் நெற்றியைப் பாருங்கள். மூக்குச்சதை முதற் பிடரி வரை கருவரிகள் நெருங்கி ஓடும். அலகின் நுனியிலோ மை தொட்டாற்போன்ற கறை ஒன்று இருக்கும். அக்கறை சில கிழமைகளில் மறையும். நெற்றிவரி மறையாது. மூன்று நான்கு மாத அளவில் முதல் இறகுதிர்ப்பு வரும்போதே அவ்வரிகள் பின்வாங்கி, பச்சைக் கிளியாயின் மஞ்சள் நெற்றியும், நீலக் கிளியாயின் வெள்ளை நெற்றியும் தெளிந்து தோன்றும். கழுத்தில் மணிமாலை கோத்தாற்போன்ற கரும்புள்ளிகளும் அப்பொழுதுதான் வட்டமும் பருமனும் பெறும். அதற்கு முன் அவை சிறுத்தும் சிதைந்தும் காணப்படும். எனவே வரியோடிய நெற்றி நான்கு மாதத்துக்கு உட்பட்ட அகவையைக் காட்டும் சான்று. இதனினும் தெளிவான அடையாளம் வேறில்லை.

நெற்றி தெளிந்த பின் கண்ணை நோக்க வேண்டும். இளங்கிளியின் கண் முழுதும் கருமையாய், கரும்பாசிமணி போல மின்னும். நான்கைந்து மாதத்துக்குப் பின் கண்மணியைச் சுற்றிச் சாம்பல் நிற வளையமொன்று மெல்லத் தோன்றும். அது படிப்படியாய் வெளிறி ஓராண்டு நிறைவதற்குள் வெண்வளையமாகும். வளையம் சாம்பலாயின் அரையாண்டை அண்டியது. வெண்மையாயின் ஓராண்டை அண்டியது அல்லது அதனைக் கடந்தது.

மூக்குச்சதை என்றேன், அலகின் மேல் மூக்குத்துளைகளைச் சூழ்ந்த மெழுகு போன்ற தோலே அது. அது அகவையினும் பாலையே தெளிவாகக் காட்டும். இளஞ்சேவலுக்கு அது ஊதா கலந்த இளஞ்சிவப்பாய் ஒருசீராக இருக்கும், வளர்ந்தபின் நீலமாகும். இளம்பேட்டுக்கு வெளிறிய நீலமாய், துளைகளைச் சுற்றி வெண்மை படர்ந்திருக்கும். முட்டையிடும் பருவத்திற் கபில நிறமாகித் தடிக்கும். வெளிறிய நீலத்தைக் கண்டு சேவலென்று மயங்குவோர் பலர். அவ்வாறு மயங்கி இரு பேடுகளைச் சோடியாக்கி, முட்டைகள் மலிந்தும் குஞ்சொன்றும் பொரியாத வீடுகள் என் தெருவிலேயே உள.

விலக்குகளும் உள. சிவந்த கண்ணையுடைய மஞ்சட் கிளிக்கும் வெள்ளைக் கிளிக்கும் உடலிற் கருவரியே இல்லை. ஆகவே நெற்றி எதனையும் சொல்லாது. அவற்றின் சேவலுக்கு மூக்குச்சதை வாழ்நாள் முழுதும் இளஞ்சிவப்பாகவே இருந்துவிடும். டென்மார்க்கிலிருந்து பரவிய புள்ளிவண்ண வகையொன்றுக்குக் கண்ணில் வெண்வளையம் ஒருபோதும் தோன்றுவதில்லை. ஐந்தாண்டுக் கிளியும் ஐந்து மாதக் கிளி போலவே விழிக்கும்.

ஓராண்டு கடந்த பின் என்ன செய்வது? ஒன்றும் செய்வதற்கில்லை. இரண்டாண்டுக் கிளிக்கும் நான்காண்டுக் கிளிக்கும் இடையே கண் காணக்கூடிய உறுதியான வேறுபாடு கிடையாது. காற்செதில் தடித்திருந்தாற் கிழடு என்பர் சந்தையிலுள்ளோர். அத்தடிப்பு பெரும்பாலும் ஒருவகைச் சிற்றுண்ணியால் வரும் நோய். இளங்கிளியையும் அது பற்றும். அலகு நீண்டிருந்தாற் கிழடு என்பர். அது ஈரல் நோயின் குறியாகவும் இருக்கலாம். ஆதலின் ஓராண்டு கடந்த கிளியைக் கையிலெடுத்து, ‘இதற்கு மூன்று வயது’ என்று துணிந்து கூறுபவர் எழுதிவைத்த குறிப்பைப் பார்த்துக் கூற வேண்டும். அன்றேல் பொய் கூறுகின்றார்.

இனி நிறத்துக்கு வருவோம்.

காட்டு வரிக்கிளி பச்சை. ஆனால் அதன் இறகிற் பச்சை என்றொரு சாயம் இல்லை. மஞ்சள் நிறப்பொருள் ஒன்று உண்டு. மெலனின் என்னும் கரிய நிறப்பொருள் ஒன்று உண்டு. இவற்றுக்கு மேலாக, இறகிழையின் உள்ளே நுண்துளை நிறைந்த அமைப்பொன்று உண்டு. கரிய பின்னணியின்மேல் அவ்வமைப்பு ஒளியைச் சிதறச்செய்வதால் நீலம் விளைகின்றது. சவர்க்காரக் குமிழியிற் சாயம் ஏதும் இல்லாதிருக்கவும் நிறம் தோன்றுவதை ஒப்ப, இதுவும் அமைப்பினால் விளைந்த நிறம். நீல இறகொன்றை அம்மியில் வைத்து அரைத்துப் பார்த்தால் நீலம் கிடையாது, கருந்தூளே எஞ்சும். ஒளியால் விளைந்த நீலத்தின்மேல் மஞ்சட்பொருள் படிந்திருப்பதையே நாம் பச்சை என்று காண்கின்றோம்.

இதனை உணர்ந்தால் ஏனையவை எளிதில் விளங்கும். மஞ்சளை நீக்குக, நீலக்கிளி வரும். கருமையை நீக்குக, மஞ்சட்கிளி வரும். இரண்டையும் நீக்குக, வெள்ளைக்கிளி வரும். ஆதலின் நீலக்கிளி என்பது நீலத்தைப் புதிதாகப் பெற்ற கிளியன்று. மஞ்சளை ஆக்கும் ஆற்றலை இழந்த கிளி. 2017ஆம் ஆண்டில் ஸ்ரான்போட் பல்கலைக்கழக ஆய்வாளர் குழுவொன்று இவ்விழப்புக்குக் காரணமான பரம்பரையலகைக் கண்டறிந்து வெளியிட்டது. மஞ்சட்பொருளை ஆக்கும் நொதியமொன்றில் அமினோவமிலம் ஒன்றே ஒன்று மாறியமைந்தமையால் அந்நொதியம் தொழிற்படாது போகின்றதாம். நெடுங்கணக்கில் ஓரெழுத்துத் திரியச் சொல்லின் பொருள் முற்றும் திரிவதை நாள்தோறும் கற்பிக்கும் எனக்கு இச்செய்தி மிக்க உவகை தந்தது.

முதல் நீலக்கிளி 1880ஐ அடுத்த ஆண்டுகளிற் பெல்ஜியத்தில் வளர்ப்போரிடையே தோன்றியது. ஆயினும் அது எளிதிற் பெருகவில்லை. நீலத்தையும் பச்சையையும் சேர்த்தவர் கண்டது பச்சைக் குஞ்சுகளையே. நீலம் அழிந்தொழிந்தது என்று அவர்கள் எண்ணியிருப்பர். 1910ஆம் ஆண்டில் இலண்டன் கண்காட்சியொன்றில் நீலக்கிளிகள் வைக்கப்பட்டபோது அவற்றைக் காணப் பெருங்கூட்டம் திரண்டது. 1920களின் பிற்பகுதியில் யப்பானியருக்கு நீலக்கிளிமீது மோகம் பிறந்து, ஐரோப்பாவில் அவற்றின் விலை பன்மடங்காயிற்று. விலை ஏறவே, எந்தச் சோடி நீலம் தரும் என்பதை முன்னறிதல் பொன்னுக்கு நிகரான அறிவாயிற்று.

அவ்வறிவுக்கு வேண்டிய விதி, முதல் நீலக்கிளி பிறக்குமுன்னரே அச்சேறியிருந்தது என்பதுதான் வியப்பு. புறூண் நகரத்துத் துறவியும் பாடசாலை ஆசிரியருமான கிரெகர் மெண்டல் பட்டாணிச் செடிகளில் ஆய்ந்து கண்டதை 1866ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார். 1900ஆம் ஆண்டுவரை அதனைப் பொருட்படுத்துவார் இல்லை. அவ்விதியை வரிக்கிளிக்கு இவ்வாறு பொருத்தலாம். ஒவ்வொரு குஞ்சும் நிறத்துக்குரிய பரம்பரையலகை இரட்டையாகப் பெறும்; ஒன்று தந்தையுடையது, ஒன்று தாயுடையது. மஞ்சளை ஆக்கும் அலகு ஒன்றிருந்தாலே போதும், கிளி பச்சையாகும். ஆகலின் பச்சை ஆட்சியுடையது, நீலம் பின்னிடைவானது. நீலம் வெளியே தோன்ற வேண்டுமாயின் இரண்டு அலகும் நீலத்துக்குரியனவாதல் வேண்டும். ஒன்றுமட்டும் நீலமாயின் கிளி பார்வைக்குப் பச்சையே. உள்ளே நீலத்தைச் சுமந்து திரியும். இத்தகைய கிளியைச் சுமைப்பச்சை என்று என் கொப்பியில் எழுதிவருகின்றேன்.

தூய பச்சையையும் நீலத்தையும் சேர்த்தாற் குஞ்சுகள் யாவும் சுமைப்பச்சை. பெல்ஜியத்தவர் மயங்கியது இவ்விடத்தில்தான். சுமைப்பச்சையை நீலத்தோடு சேர்த்தால் ஒவ்வொரு முட்டையிலும் நீலம் வருதற்குப் பாதி வாய்ப்பு. சுமைப்பச்சை இரண்டைச் சேர்த்தால் நான்கில் ஒருபங்கு நீலம், இருபங்கு சுமைப்பச்சை, ஒருபங்கு தூய பச்சை. நீலம் இரண்டைச் சேர்த்தால் நீலமேயன்றி வேறில்லை. தூய பச்சையையும் சுமைப்பச்சையையும் பக்கத்திற் பக்கத்தில் வைத்து எவ்வளவு நேரம் உற்று நோக்கினும் வேறுபாடு புலப்படாது. அகவையில் ஓராண்டு வரையாவது நமக்கு உதவிய கண், இங்கே முதலடியிலேயே தோற்றுவிடுகின்றது.

இவ்விதிகளை வரிக்கிளியில் ஒழுங்காக ஆய்ந்து அட்டவணைப்படுத்தியவர்களுள் முதன்மையானவர் ஹான்ஸ் டுங்கர். ஜேர்மனியின் பிறேமன் நகரத்துப் பாடசாலை ஆசிரியர் அவர். கிறேமர் என்னும் செல்வரின் பெரிய பறவைச்சாலை துணைநிற்க, 1920களில் அவர் ஆயிரக்கணக்கான குஞ்சுகளைக் கணக்கிட்டு, எச்சோடி எந்நிறந் தரும் என வகுத்தார். அவ்வட்டவணைகளின் சாரத்தையே இன்றும் உலகெங்கணும் வளர்ப்போர் கையாளுகின்றனர். அவரைப் பற்றிய மற்றொரு செய்தியை மறைத்தல் முறையன்று. 1930களில் மனிதரையும் இனத்தூய்மை என்னும் அளவுகோலால் அளக்க முற்பட்ட கூட்டத்தாரோடு அவரும் சேர்ந்து நின்றார். கிளிக்கூண்டில் உண்மை கண்ட ஓராசிரியர் வகுப்பறைப் பிள்ளைகளை எவ்வாறு நோக்கியிருப்பார் என்று எண்ணுந்தோறும் என் நெஞ்சு நடுங்கும். புறத்தோற்றத்தை நம்பி உள்ளிருப்பதைத் தீர்மானித்தல் ஆகாது என்பதை அவருடைய கிளிகளே அவருக்கு ஆயிரமுறை சொல்லியிருக்கும்.

பாலோடு பிணைந்த நிறங்கள் சில உள. அவையே மாணவர்க்கு மிகவும் சுவை தருவன. மனிதருள் ஆணுக்கே இலிங்க நிறமூர்த்தங்கள் இரண்டும் வேறுபட்டவை. பறவைகளிலோ பேட்டுக்கே வேறுபட்டவை. சேவலுக்கு ஒத்த நிறமூர்த்தம் இரண்டு. பேட்டுக்கு அத்தகையது ஒன்றே. சிவந்த கண்ணும் மஞ்சள் மேனியும் தரும் அலகு அந்நிறமூர்த்தத்தில் இருப்பது. ஆகவே சேவல் அதனை மறைத்துச் சுமக்கலாம். பேடு சுமக்க இயலாது, உள்ளதாயின் வெளியே காட்டியே தீரும். செங்கண் மஞ்சட் சேவலைச் சாதாரணப் பச்சைப் பேட்டோடு சேர்த்தால் மகள் யாவும் செங்கண் மஞ்சள். மகன் யாவும் பச்சை. குஞ்சு கண் திறக்குமுன்னரே இமைத்தோலினூடே தெரியும் செம்மையையும் கருமையையும் கொண்டு ஆண் பெண் கூறிவிடலாம். அச்சோடியைத் தலைகீழாக்கி, பச்சைச் சேவலுக்கு மஞ்சட் பேட்டைக் கொடுத்தால் குஞ்சுகள் யாவும் பச்சையே. அப்பொழுது மகன்கள் மட்டும் மஞ்சளைச் சுமப்பர். தந்தையும் தாயும் நிறத்தை மாற்றிக்கொண்ட அளவில் விடையே மாறிவிடுகின்றது.

கருமைக் காரணி என்பதொன்றும் உண்டு. 1915ஆம் ஆண்டளவிற் பிரான்சில் வெளிப்பட்டது அது. அது மறைந்திருப்பதில்லை, ஒன்றிருந்தால் ஒருபடி கருக்கும், இரண்டிருந்தால் இருபடி கருக்கும். வான்நீலம், கோபால்ற்று நீலம், ஊதாச்சாம்பல் என்பன அப்படிகள். கோபால்ற்று நீலம் இரண்டைச் சேர்த்து அந்நிறத்தையே எதிர்பார்ப்போர் பாதியளவே பெறுவர். வான்நீலத்தை ஊதாச்சாம்பலோடு சேர்ப்பவருக்கோ குஞ்சுகள் யாவும் கோபால்ற்று நீலம்.

இனி, முன்னர்ச் சொல்வதாகக் கூறிய வழக்கு.

எங்கள் ஒழுங்கையில் விதவைத் தாயொருவர் வாழ்கின்றார். முட்டிகளைக் கட்டித் தொங்கவிட்டு, தினையும் கணவாய் ஓடும் இட்டு, வரிக்கிளி வளர்த்து விற்பதே அவருடைய பிழைப்பு. சென்ற ஆண்டில் ஒருநாள், அயலூரிலிருந்து ஒருவர் கூண்டொன்றைக் கையிற் பிடித்தபடி அவர் வீட்டுப் படலையில் நின்று உரத்துப் பேசலானார். பத்து மாதத்துக்கு முன் வாங்கிய பச்சைச் சோடி அது. நீலக்குஞ்சு தரும் என்று சொல்லிக் கூடிய விலை வாங்கினார் அத்தாயார். ஐந்து குஞ்சு பொரித்தும் ஐந்தும் பச்சை. அன்றியும், பிள்ளைக்கிளி என்று விற்றது கிழட்டுக்கிளி. கண்ணில் வெள்ளை விழுந்திருக்கின்றது. இவை அவர் கூறிய குற்றங்கள். பணத்தைத் திருப்பித் தராவிடிற் சந்தையில் எல்லாரிடமும் சொல்லுவேன் என்றும் அவர் கூறினார். அச்சொல் சந்தையிற் பரவினால் அத்தாயாரிடம் எவர் வாங்குவர்? மகளின் படிப்புச் செலவும் அக்கூண்டுகளிலிருந்தே வந்துகொண்டிருந்தது. அவர் என்னை அழைத்துவர மகளை அனுப்பினார்.

நான் சென்று முதலிற் கேட்டது ஒன்றே. “தம்பி, நீர் வாங்கின அன்றைக்கு இவற்றின் நெற்றியிலே வரி இருந்ததோ?”

“இருந்தது ஐயா. மூக்கு மட்டும் வரிதான்.”

“அப்படியாயின் அன்றைக்கு நான்கு மாதம் நிரம்பாத பிள்ளைகள். அதற்குப் பிறகு பத்து மாதம் கழிந்துவிட்டது. இன்றைக்குக் கண்ணிலே வெள்ளை வளையம் இல்லாதிருந்தால் அல்லவோ நாம் ஐயுற வேண்டும்?”

அவர் சிறிது தணிந்தார். “வயதை விடுவோம் ஐயா. நீலம் எங்கே?”

அத்தாயார் உள்ளே சென்று கொப்பியொன்றைக் கொணர்ந்தார். மகளுடைய பழைய பாடக் கொப்பியின் எஞ்சிய தாள்களில், எந்த முட்டியில் எந்தச் சேவலும் பேடும், முட்டை இட்ட நாள், பொரித்த நாள், குஞ்சின் நிறம் என யாவும் எழுதப்பட்டிருந்தன. விற்ற சேவலின் தாய் நீலம். விற்ற பேட்டின் தந்தை நீலம். இரண்டும் வெவ்வேறு குடும்பம். நீலப் பெற்றோருக்குப் பிறந்த பச்சைக் கிளி நீலத்தைச் சுமந்தே தீரும். அதில் ஐயத்துக்கு இடமில்லை. ஆகவே அத்தாயார் சொல்லி விற்றது உண்மை.

“கொப்பியிலே எழுதினால் எல்லாம் உண்மையாகிவிடுமோ?” என்றார் வந்தவர். நியாயமான வினாவே. நான் அக்கொப்பியின் ஏனைய பக்கங்களைப் புரட்டிக் காட்டினேன். கூழ்முட்டை மூன்று, எறும்பு கடித்துச் செத்த குஞ்சு ஒன்று, பேடு மிதித்துடைத்த முட்டை இரண்டு என இழப்புகளும் நாளோடு எழுதப்பட்டிருந்தன. ஏமாற்றுவதற்காக எழுதுபவர் தம் இழப்பை எழுதிவையார். அன்றியும் அந்த நீலத்தாயும் நீலத்தந்தையும் அங்கேயே கூண்டில் இருந்தன.

பின்னர் ஐந்து பச்சையின் கணக்கு. சுமைப்பச்சை இரண்டின் ஒவ்வொரு முட்டையிலும் நீலம் வாராதிருக்க நான்கில் மூன்று வாய்ப்பு. ஐந்து முட்டையிலும் வாராதிருத்தற்கு அதனை ஐந்துமுறை பெருக்குதல் வேண்டும்; 1024இல் 243, அதாவது நூற்றுக்கு ஏறக்குறைய 24. நான்கு சோடியில் ஒருசோடி இவ்வாறு முதல் ஈட்டில் நீலமின்றியே போகும். நான்கில் ஒருபங்கு என்பதனை, நான்கு குஞ்சு பொரித்தால் ஒன்று கட்டாயம் நீலம் என்று பொருள்கொள்வோர் பலர். முட்டைக்கு முன் முட்டையைப் பற்றிய நினைவு கிடையாது. ஒவ்வொன்றும் புதிதாகப் போடப்படும் சோகி. இதனை மண்ணிற் குச்சியாற் கீறி விளக்கியபின் அவர் கூண்டைத் தூக்கிக்கொண்டு சென்றார். அடுத்த ஈட்டில் நான்கு குஞ்சில் ஒன்று நீலம் என்று தொலைபேசியில் அத்தாயாருக்குச் சொன்னாராம். அந்த ஒன்று வாராது போயிருப்பினும் அத்தாயார் சொன்னது பொய்யாகாது என்பதே என் துணிபு.

பெற்றோர் தெரியாத பச்சைக் கிளி நீலம் சுமக்கின்றதா என அறிய விரும்புவோர் அதனை நீலக் கிளியோடு சேர்த்துப் பார்க்கலாம். ஒரு நீலக்குஞ்சு வந்தாலே சுமைப்பச்சை என்பது உறுதி. ஆறு குஞ்சும் பச்சையாய் வந்தால், சுமைப்பச்சைக்கு அவ்வாறு நேர்தற்கு வாய்ப்பு 64இல் ஒன்றே. தூய பச்சை என்று கொள்ளலாம், ஆயின் ஆணையிட்டுக் கூறலாகாது. இச்சோதனையைச் செய்வோர் சோடியைத் தனிக்கூண்டில் வைத்தல் வேண்டும். பல சோடிகள் கலந்து வாழும் பெருங்கூட்டிலே தந்தை யார் என்பதைத் துணிதல் அரிது. அவ்வாறான கூட்டிலிருந்து எடுத்த பேட்டையும் சில கிழமை தனியே இருத்திய பின்னரே சோடி சேர்த்தல் முறை.

நிறத்தின்மேல் ஆசை மிக்கோர் பேட்டின் உடலை மறந்துவிடுகின்றனர். நான்கைந்து மாதத்திலேயே பேடு முட்டையிட முற்படும். அதனை அனுமதித்தல் கொடுமை. முட்டை வழியிற் சிக்கிப் பேடு இறந்துபோவதுண்டு. ஓராண்டை அண்டிய பின்னரே சோடி சேர்த்து, ஆண்டுக்கு இரண்டு ஈட்டோடு முட்டியை எடுத்துவிட வேண்டும். நீலம் விரைவில் வேண்டுமென்று அண்ணனையும் தங்கையையும் சேர்ப்போரும் உளர். நீலம் வரும், அதனோடு மறைந்திருந்த நலிவுகளும் இரட்டித்து வரும். பின்னிடைவான அலகுகள் நீலத்துக்கு மட்டும் உரியன அல்ல.

கொப்பியோடு காலில் வளையமும் இருத்தல் நன்று. வெளிநாட்டுச் சங்கங்கள் ஆண்டையும் எண்ணையும் பொறித்த மூடிய வளையங்களை வழங்குகின்றன. ஆண்டுதோறும் வளையத்தின் நிறத்தையும் மாற்றுகின்றன. குஞ்சுக்கு ஐந்து முதல் ஒன்பது நாளுக்குள் அதனை மாட்ட வேண்டும். முன்விரல் இரண்டையும் வளையத்தினுட் செலுத்தி, பின்விரல்களைக் காலோடு சேர்த்துப் பிடித்து, வளையத்தை மேலேற்றிப் பின்விரல்களை மெல்ல விடுவிப்பது முறை. மிக முந்தினால் வளையம் கழன்று விழும். பிந்தினாற் பாதம் பருத்து வளையம் ஏறாது. முதிர்ந்த கிளியின் காலில் அதனை எவராலும் புதிதாக மாட்ட முடியாது. அதனாலேதான் அவ்வளையம் சான்றாகின்றது. வளையம் கிடையாதவர் கூட்டுக்கு எண் இட்டு, கொப்பியில் பொரித்த நாளை அன்றன்றே எழுதுவாராக. அத்தாயாரின் கொப்பி இவ்வாண்டு நிறைந்துவிட்டது. மகள் புதிய கொப்பியொன்றில் தலைப்பிட்டு, முட்டி, சேவல், பேடு, நாள், நிறம் என ஐந்து கோடு கீறிக் கொடுத்திருக்கின்றாள். ஆறாவது கோடொன்றும் கீறும்படி சொல்லியிருக்கின்றேன். அது விற்ற நாளன்று நெற்றியில் வரி இருந்ததா என்பதை எழுதுவதற்கு.